கல்யாணமா, கூரையா? – ஓய்வுப் பணம் எழுப்பும் கேள்வி

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். ஒரு மனிதன் தன் வாழ்நாளில் தூக்க வேண்டிய இரண்டு பெருஞ்சுமைகள் இவை என்பது அதன் பொருள். இடுக்கி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த இரண்டையும் தூக்கும் வசதி கிடையாது. ஏதேனும் ஒன்றைத்தான் தூக்க முடியும். முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த தாய்க்குக் கடைசியில் கையில் வருவது ஒரே ஒரு தொகை. அதில் மகள் கல்யாணத்தை முடிப்பதா, மழைக்கு ஒதுங்கச் சொந்தமாக ஒரு கூரை போடுவதா, மகனைக் கல்லூரிக்கு அனுப்புவதா? மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கங்களில் ஓய்வு வயதை நெருங்கும் வீடுகளில் எழும் வாக்குவாதம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கிறது.

வேலையோடு ஒட்டிய வீடு

கண்ணன் தேவன் மலைகளை 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து பெற்றார். அதன் பிறகு காட்டை வெட்டித் தோட்டம் போடக் கங்காணிகள் ஆள் பிடித்து வந்தது பெரும்பாலும் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளின் வானம் பார்த்த ஊர்களிலிருந்து. 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது கன்னியாகுமரிப் பகுதி வட்டங்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அன்று மலையில் இருந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று பெற்றோர்களாகிவிட்டார்கள். சொந்த ஊரில் இருந்த பங்கு வீடு எப்போதோ சித்தப்பா, பெரியப்பா மக்களின் கைக்குப் போய்விட்டது. திருவிழாவுக்குப் போனால் ஒரு வேளை சாப்பாடு கிடைக்கும். தங்குவதற்கு உரிமையான இடம் கிடைக்காது.

மலையில் இருப்பது லயம். தொழிலாளிக்கு வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம், ஆரம்பப் பள்ளி ஆகியவற்றைத் தோட்ட முதலாளியே தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல தலைமுறைகளுக்கு அது பெரிய பாதுகாப்பாக இருந்தது. ஆனால் அந்த வீடு வேலைக்காகக் கொடுத்த வீடு. வேலை முடிந்தால் வீட்டையும் ஒப்படைத்தாக வேண்டும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வீட்டைக் காப்பாற்ற வேண்டுமானால், அந்தக் குடும்பத்தில் இன்னொருவர் பெயர் தோட்டத்துப் பதிவில் இருக்க வேண்டும். ஆகவே தாய்க்கு ஓய்வு வருவதற்குள் ஒரு பிள்ளையைக் கொழுந்துக்கு அனுப்புகிறார்கள். அல்லது மருமகளைப் பதிவு செய்கிறார்கள். எந்தப் பிள்ளை? படிப்பில் கொஞ்சம் பின்தங்கியது என்று வீட்டார் நினைக்கும் பிள்ளை. சில வீடுகளில் மூத்த பெண். அந்தப் பிள்ளைக்கு எதில் திறமை என்று யாரும் பார்ப்பதில்லை. இரண்டு அறை வீடு ஒன்று அதன் எதிர்காலத்தை முடிவு செய்துவிடுகிறது. தம்பி கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான், தங்கை நர்சிங் படிக்கிறாள். அவர்கள் விடுமுறைக்கு வந்து தங்குவதற்கு வீடு இருக்கிறதென்றால், அதற்காக ஒருவர் தினமும் கூடையைத் தூக்குகிறார் என்பதைக் குடும்பம் மறந்துவிடக் கூடாது.

பணத்தின் கணக்கு

ஓய்வுப் பணம் என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த தொகையும் நிர்வாகம் தன் பங்காகச் செலுத்தியதும் வட்டியோடு சேர்ந்த சேமநிதி. மற்றொன்று பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. 1972-ல் வந்த பணிக்கொடைச் சட்டம், ஐந்தாண்டு வேலை பார்த்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கை வகுத்தது.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முப்பது ஆண்டு வேலைக்கு 450 நாள் சம்பளம். நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,80,000 ரூபாய். 2025-ல் ஒரு பவுன் தங்கத்தின் விலை எண்பதாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. அப்படியானால் முப்பது ஆண்டுப் பணிக்கொடைக்கு இரண்டு பவுன் வாங்கலாம். மூன்றாவது பவுனுக்குக் கடன் வாங்க வேண்டும். அட்டைக்கடியிலும் பனியிலும் நின்று பறித்த அவ்வளவு கொழுந்தும் ஒரு சங்கிலியில் அடங்கிவிடுகிறது.

சேமநிதியோடு சேர்ந்த ஓய்வூதியத்துக்கு மாதம் 1,000 ரூபாய் குறைந்தபட்சம் என்று 2014-ல் நிர்ணயித்தார்கள். தோட்டத்துச் சம்பளத்தில் வரும் ஓய்வூதியம் பெரிய தொகை அல்ல. அதைக் கொண்டு வாடகை கொடுத்து ஊரில் பிழைப்பது நடக்காத காரியம். எனவே கல்யாணத்தில் மொத்தப் பணமும் கரைந்த பிறகு, ஓய்வு பெற்ற தாயே தற்காலிகத் தொழிலாளியாகத் திரும்பவும் மலையேறுவது உண்டு.

பீர்மேடு வட்டாரத்தில் இன்னொரு கொடுமையும் நடந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பல தோட்டங்கள் மூடப்பட்டன. கூலியும் பணிக்கொடையும் பாக்கி நின்றன. பணம் வராததால் வீட்டைக் காலி செய்ய முடியாமல், ஒழுகும் கூரைக்குப் படுதா போட்டுக்கொண்டு பல ஆண்டுகள் காத்திருந்த குடும்பங்கள் பல. வரப்போகும் பணத்தை நம்பி வட்டிக்கு வாங்கிக் கல்யாணம் செய்தவர்கள் நிலை அதிலும் மோசம்.

பரிசம் போய் வரதட்சணை வந்தது

பணம் இப்படிக் கரைவதற்குக் கூலி குறைவு மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பழக்கமும் மாறியிருக்கிறது.

உழைக்கும் சாதிகள் பலவற்றில் முன்பெல்லாம் மாப்பிள்ளை வீட்டார்தான் பரிசம் போட்டுப் பெண் எடுப்பார்கள். பெண்ணும் சம்பாதிக்கும் கை. அந்தக் கையைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவதற்கு மரியாதை செய்தார்கள். மாமன் மகள், அத்தை மகன் என்று உறவுக்குள் சம்பந்தம். கோவிலில் தாலி கட்டு, லயத்து முற்றத்தில் பந்தல், ஊரே சேர்ந்து சமையல். அதோடு கல்யாணம் முடிந்தது.

இன்று மாப்பிள்ளை படித்தவன், மாதச் சம்பளக்காரன். 'படிக்க வைத்த செலவு' என்று அவன் வீட்டார் ஒரு கணக்கை நீட்டுகிறார்கள். பரிசம் போட்ட அதே சமூகத்தில் பவுனும் பைக்கும் பேசுகிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், இன்றைய மணப்பெண் அவள் பாட்டியைவிட அதிகம் படித்திருக்கிறாள், அதிகம் சம்பாதிக்கவும் செய்கிறாள். பாட்டிக்குப் பரிசம் கொடுத்தார்கள். பேத்தி விலை கொடுத்துப் போகிறாள். வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்று 1961-லேயே சட்டம் வந்துவிட்டது. அதைப் பற்றிப் பேசினால், 'நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் போடுவதைப் போடுங்கள்' என்ற பதில் தயாராக இருக்கிறது. அந்த வாக்கியத்தின் விலை எத்தனை பவுன் என்பது இரு வீட்டாருக்கும் தெரியும்.

பெரியவர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நாலு பேர் மத்தியில் தலைநிமிர்ந்து ஒரு காரியம் செய்யத் தோட்டத் தொழிலாளிக்கு வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. இத்தனை ஆண்டு மொய் எழுதியவன் அதைத் திரும்ப வாங்க ஒரு விசேஷம் வைத்துத்தான் ஆக வேண்டும். சீர் இல்லாமல் போன பெண்ணைப் புகுந்த வீட்டில் குத்திக் காட்டுவார்களே என்ற பயம் வேறு. இவையெல்லாம் உண்மையான கவலைகள். ஆனால் சடங்குக்கும் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் படம் போட்ட தட்டிகள் கட்டி, மண்டபம் பிடித்து முடித்த பிறகு, அந்த நாலு பேரில் ஒருவரும் தங்குவதற்கு வீடு தர மாட்டார்கள்.

இளையவர்களில் சிலர் தாங்களாகவே துணையைத் தேடிக்கொள்கிறார்கள். வேறு சாதி, சில சமயம் மலையாளக் குடும்பம். பெற்றோர் முதலில் கொதிக்கிறார்கள். பேரப்பிள்ளை பிறந்ததும் அடங்குகிறார்கள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு மிச்சம் பிடித்த பணத்தில் இடம் வாங்கிய பிள்ளையை 'ஓடிப் போனவன்' என்றும், கடன் வாங்கி மண்டபத்தில் கட்டியவனை 'கௌரவமாகச் செய்தவன்' என்றும் சொல்லும் வாய் இன்னும் மாறவில்லை.

படிப்பு எங்கே கொண்டு போகிறது?

ஒரு காலத்தில் தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்போடு நின்றவர்கள் அதிகம். இன்று பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துத் தேர்வு எழுதும் வசதி இடுக்கியிலும் பாலக்காட்டிலும் இருக்கிறது. அதற்கு மேல் போகும்போதுதான் தடுமாற்றம். கேரளத்துக் கல்லூரிக்குப் போனால் மலையாளம் தெரிய வேண்டும். தமிழ்நாட்டுக்குப் போனால் இருப்பிடச் சான்று கேட்டு, 'நீங்கள் கேரளத்தார்' என்கிறார்கள். இங்கே தமிழர், அங்கே கேரளத்தார். இரண்டுக்கும் நடுவில் தனியார் கல்லூரிக்காரர் அன்போடு வரவேற்கிறார். ஓய்வுப் பணத்தின் இன்னொரு பகுதி அங்கே போகிறது.

சாதிச் சான்று மற்றொரு மலை. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதிச் சலுகை பெற, 1950-ல் குடியரசுத் தலைவர் ஆணை வெளிவந்தபோதே குடும்பம் அந்த மாநிலத்தில் குடியிருந்திருக்க வேண்டும். அதற்கு அந்தக் காலத்துப் பதிவேடு வேண்டும். இந்தக் கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தேவிகுளம் தொகுதியே சாட்சி. 2021-ல் அங்கே வென்ற ஏ. ராஜாவின் தேர்தலை, அவருடைய பட்டியல் சாதித் தகுதி பற்றிய வழக்கில் 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. சட்டமன்ற உறுப்பினரே நான்கு ஆண்டு வழக்காட வேண்டியிருந்தது என்றால், கல்லூரிச் சேர்க்கைக்குப் பத்து நாள் இருக்கும்போது வட்ட அலுவலகத்தில் வரிசையில் நிற்கும் மாணவனின் பாடு சொல்லத் தேவையில்லை. தாத்தா பாட்டியின் பெயருள்ள பழைய தோட்டப் பதிவு, பள்ளிப் பதிவு, ரேஷன் கார்டு எதையும் அடுப்பில் போடாமல் பத்திரப்படுத்த வேண்டும். ஒரு பவுனைவிட அந்தத் தாள் சில வேளைகளில் மதிப்பு மிகுந்தது.

தமிழோடு மலையாளமும் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழும் மலையாளமும் அறிந்த கிளார்க் பணிக்கும், தமிழ் வழி ஆசிரியர் பணிக்கும் கேரளத் தேர்வாணையம் தனியாகவே ஆள் எடுத்து வந்திருக்கிறது. பள்ளிகளில் மலையாளம் கட்டாயம் என்ற சட்டம் 2017-ல் வந்தபோது, நம் மொழி போய்விடுமோ என்ற அச்சம் எழுந்தது இயற்கை. தமிழைக் கைவிடாமல் மலையாளத்தையும் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு அரசு அலுவலகத்தில் நாற்காலி உண்டு. ஒன்றை மட்டும் தெரிந்தவனுக்கு அது கடினம்.

மேற்படிப்புக்கு ஓய்வுப் பணம்தான் ஒரே வழி என்று எண்ணுவதும் சரியல்ல. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். படிப்பு முடிந்த பிறகு பிள்ளை திருப்பிச் செலுத்த வேண்டும். கல்யாணத்துக்குக் கந்துவட்டி வாங்கத் தயங்காதவர்கள் கல்விக் கடனுக்கு அஞ்சுவது ஏன் என்று யோசிக்க வேண்டும்.

பாலக்காட்டு எல்லையில் நிலத்தின் கதை

மலையை விட்டு இறங்கிப் பாலக்காட்டு எல்லைக்கு வந்தால், லயமும் இல்லை, வீடு பறிபோகும் பயமும் இல்லை. ஆனால் அதே கல்யாணக் கணக்கு அங்கே நிலத்தைத் தின்கிறது. சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. தென்னையும் நிலக்கடலையும் போட்டுப் பிழைத்த ஊர்கள். சம்பந்தம் பொள்ளாச்சி, உடுமலை, கோயம்புத்தூர் பக்கம். பெண் கல்யாணம் வந்தால் தோப்பை அடமானம் வைப்பதும், சாலையோரத்து நிலத்தை விற்பதும் நடக்கின்றன. பிறகு, 'நகை போட்டாயிற்று, அதோடு உன் பங்கு தீர்ந்தது' என்று பெண்ணிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள்.

சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொந்தச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் கூறியது. கேரளம் 1975-ல் கூட்டுக் குடும்ப முறையையே சட்டத்தால் நீக்கியது. தமிழ்நாடு 1989-ல் பூர்வீகச் சொத்திலும் பெண்ணுக்குப் பங்கு கொடுத்தது. 2005-ல் மத்திய அரசு அதை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. அந்த ஆண்டில் தந்தை உயிரோடு இல்லாவிட்டாலும் மகளின் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவாக்கியது. கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இதே திசைதான்: கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் தொடுத்த வழக்கில், பழைய திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறிஸ்தவப் பெண்களுக்கும் சம பங்கு உண்டு என்று 1986-ல் தீர்ப்பு வந்தது. எனவே நகை வேறு, பங்கு வேறு. சீர் போட்டது பங்குக்கு ஈடாகிவிடாது. பெண்ணுக்குத் தர நினைப்பதை நிலமாகவோ வங்கியில் அவள் பெயரில் பணமாகவோ தந்தால், அது அவள் கையில் நிற்கும். நகையாகத் தந்தால் முதல் நெருக்கடியிலேயே அடகுக் கடைக்குப் போகிறது.

இரண்டு ஆண்டுகள் சொன்ன பாடம்

மூணாற்றுப் பெண்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். 2015 செப்டம்பரில் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, 'பெண்கள் ஒற்றுமை' என்று ஆயிரக்கணக்கில் திரண்டு சாலையில் உட்கார்ந்தவர்கள் அவர்களே. தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டுத் தாங்களே பேசி, 20 சதவீதத்தைத் திரும்பப் பெற்றார்கள். 232 ரூபாயாக இருந்த நாள் கூலி அடுத்த மாதமே 301 ரூபாயாக உயர்ந்தது. சாலையில் அவ்வளவு உறுதியாகப் பேசிய தாய், வீட்டுக்குள் ஓய்வுப் பணத்தைப் பற்றிப் பேசும்போது 'அவரும் மச்சினரும் முடிவு பண்ணட்டும்' என்று அடுப்படிக்குப் போவது ஏன்? சம்பாதித்தது அவள், முடிவிலும் முதல் வார்த்தை அவளுடையதாக இருக்க வேண்டும்.

2020 ஆகஸ்ட் 6 இரவு இராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லய வரிசைகளை மூடியது. எழுபது உயிர்கள் போயின. நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. அந்த லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு எந்த இடத்தில் குடியிருப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கவில்லை. வேலை எங்கேயோ வீடும் அங்கே. சொந்தக் கூரை என்பது கௌரவத்துக்காகக் கட்டும் மாடி வீடு அல்ல. மழைக்காலத்தில் எந்தச் சரிவின் கீழ் பிள்ளைகளைத் தூங்க வைப்பது என்று தாமே முடிவு செய்யும் உரிமை. அந்த ஆகஸ்டுக்குப் பிறகு தோட்டத்துக் குடும்பங்கள் இதை நன்கு அறியும்.

முன்கூட்டி எழுத வேண்டிய கணக்கு

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. ஓய்வுக்கு ஐந்து ஆண்டு இருக்கும்போதே கணவனும் மனைவியும் பிள்ளைகளும் உட்கார்ந்து கணக்கு எழுதலாம். சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டறியலாம். தோட்டப் பதிவில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் வேறொரு எழுத்து என்று இருந்தால் இப்போதே திருத்த வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு அலைவது வயதுக்கு ஆகாது. கல்யாணத்துக்கு முன் கொடுத்த சேமநிதி நியமனம் கல்யாணமானதும் செல்லாது. புதிதாகக் கொடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டு மாநிலங்களிலும் ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் என்று வைத்திருப்பவர்கள், எங்கே குடியிருக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்து ஒன்றை நீக்கிக்கொள்வது நல்லது. வீட்டுத் திட்டங்களில் பெயர் சேர்க்கும்போது அது குறுக்கே நிற்கும்.

பிறகு வரிசை. வரும் பணத்தில் முதலில் இடம். இரண்டு சென்ட் ஆனாலும் தாயின் பெயரில். அடுத்து, பாதியில் நிற்கும் படிப்பு. கல்யாணம் அதற்கும் பிறகு, மிச்சம் இருப்பதற்குள். இதைக் கேட்டு மகளின் முகம் வாடும் என்று பெற்றோர் அஞ்சலாம். பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்து, 'பணம் இவ்வளவுதான்; நகை வேண்டுமா, அம்மாவுக்கு ஒரு வீடு வேண்டுமா?' என்று கேட்டுப் பார்க்கட்டும். பெரும்பாலான வீடுகளில் இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதே இல்லை.

மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. அவர்களும் பெரும்பாலும் இன்னொரு லயத்திலிருந்தோ இன்னொரு தோப்பிலிருந்தோ வருபவர்களே. பெண் வீட்டாரின் கூரையைப் பிரித்து எடுத்து வரும் பவுன், நாளை தங்கள் மகளுக்காகத் தங்கள் கூரையையும் பிரிக்கும்.

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பதும் நம் பழமொழிதான். கல்யாணப் பந்தலை மூன்றாம் நாள் பிரித்துவிடுவார்கள். ஓய்வு பெற்ற தாய் அதற்குப் பிறகும் இருபது, முப்பது மழைக்காலங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது.